மறக்க முடியாத ஆட்டம் எது? தோற்கிற பக்கத்தைப் பார்த்துச் சொல்கிறேன்

எங்கள் மைதானத்தில் பந்து பழகிய பையன் ஒருவன் இப்போது சென்னையில் படிக்கிறான். "மாமா, நீங்க பார்த்ததிலேயே மறக்க முடியாத ஆட்டங்கள் எது எது? ஏன் மறக்க முடியல? ஒண்ணே ஒண்ணை முழுசா உக்காந்து பார்க்கணும்னா எதைப் பார்க்கட்டும்?" என்று கேட்டிருந்தான். கேள்வி சின்னது. பதில் அப்படி இல்லை. அவனுக்கும், இதே கேள்வி மனதில் இருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மக்கா. என் பட்டியலில் முதல் இடம் 1990 கால்பந்து உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்துக்கு. அர்ஜென்டினாவும் கேமரூனும் ஆடியது. அதற்குப் பிறகு இன்னும் சில ஆட்டங்கள் வரும். அவற்றை நான் தேர்ந்தெடுத்த முறை ஒன்றுதான்: எந்த ஆட்டத்தில் தோற்கிற பக்கமோ, தோற்க வேண்டிய பக்கமோ என்ன செய்தது என்பது என் கண்ணில் நின்றதோ, அதுதான் மறக்க முடியாத ஆட்டம். ஜெயிக்கிறவன் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடுவான். பந்து அவன் காலில் இருக்கிறது, கூட்டம் அவன் பக்கம் இருக்கிறது. கீழே விழுகிற அணிதான் தன் சுபாவத்தைக் காட்டும். ஒழுங்கை விடாமல் நிற்கிறதா, கலைந்து ஓடுகிறதா, கடைசி பத்து நிமிடத்தில் எழுந்து வருகிறதா என்று அங்கேதான் பார்க்க வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் கரையைப் பற்றி ரெண்டு வார்த்தை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், இரயுமன்துறையில் தொடங்கி பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை வழியாக நீரோடி வரை எட்டு ஊர்கள் ஒட்டி ஒட்டிக் கிடக்கின்றன. நீரோடியைத் தாண்டினால் கேரளம். ஆண்கள் பெரும்பாலும் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். ஒரு முறை போனால் வாரக்கணக்கில் கடலில். ஆனால் ஜூன், ஜூலை மாதங்களில் மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மழை கொட்டும், கடல் இரைந்துகொண்டே இருக்கும். கால்பந்து உலகக் கோப்பையும் சரியாக அந்த மாதங்களில்தான் வரும். வருஷம் முழுக்கச் சேர்ந்து இருக்க முடியாத அப்பனும் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற மாதம் அது. இங்கே பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும் வீட்டுக்கு வீடு பறப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். காரணத்தில் பாதி இந்தத் தடைக்காலம் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, 1990-க்கு வருவோம்.

ஜூன் 8. இத்தாலியில் மிலான் நகரத்து சான் சிரோ மைதானம். நமக்கு இரவு ஒன்பதரை மணி. கிளப்பில் ஒரே ஒரு டிவி. ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பார்த்துத் திருப்பி வைத்திருப்போம், ஏனென்றால் எங்களுக்கு அந்த நிலையம்தான் பக்கம். காற்றடித்தால் படம் ஆடும். ஒருவர் ஓட்டில் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அர்ஜென்டினா நடப்புச் சாம்பியன். மரடோனா அணித்தலைவர். கேமரூனைப் பற்றி எங்கள் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. 1982-ல் அவர்கள் முதல் முறையாக உலகக் கோப்பைக்கு வந்து, மூன்று ஆட்டங்களையும் டிரா செய்து, ஒன்றில்கூடத் தோற்காமலே வெளியேறினார்கள் என்பதை நான் பிற்பாடுதான் படித்தேன். அன்றைக்கு எல்லோரும் எத்தனை கோல் விழும் என்று எண்ணத் தயாராக உட்கார்ந்திருந்தோம்.

முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. 61-வது நிமிடத்தில் கேமரூனின் கானா பியிக்குக்குச் சிவப்பு அட்டை. அர்ஜென்டினாவின் கனீஜியாவைப் பின்னாலிருந்து வீழ்த்தியதற்கு. பத்துப் பேர். முடிந்தது கதை என்று பெஞ்சில் பாதிப்பேர் எழுந்தார்கள். ஆறே நிமிடம். இடது பக்கத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக். மகனாக்கி காலால் தட்டியதில் பந்து செங்குத்தாக மேலே போகிறது. அது கீழே வரும் இடத்தை நோக்கி ஓமாம் பியிக் எழும்புகிறார். அவர் எழும்பிய உயரத்தை எப்படிச் சொல்வது? அவரைக் காவல் காத்த அர்ஜென்டினாக்காரரின் தலைக்கு மேலே அவருடைய மார்பு இருந்தது. ஹெட் ஒன்றும் பலமானதல்ல. தரையில் குத்தி கோல்கீப்பர் பும்பீதோவிடம்தான் போனது. அவர் கையில் பட்டு, நழுவி, உள்ளே உருண்டது. சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன கானா பியிக் யார் தெரியுமா? கோல் அடித்தவரின் கூடப்பிறந்த சகோதரர்.

ஆனால் நான் சொல்ல வருவது கோலைப் பற்றியல்ல. அதற்குப் பிறகு மிச்சமிருந்த இருபத்து மூன்று நிமிடங்களைப் பற்றி. பத்துப் பேரோடு அவர்கள் எப்படி நின்றார்கள் என்று பார். நான்கு பேர் பின்னால், அவர்களுக்கு முன்னால் இன்னொரு வரிசை. மரடோனாவிடம் பந்து வந்தால் ஒருவர் மட்டும் நெருங்குவார், மற்றவர்கள் இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். முரட்டு ஆட்டம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 88-வது நிமிடம் வாக்கில் கனீஜியா சொந்தப் பாதியிலிருந்து ஓடத் தொடங்கினார். முதல் ஆள் காலைப் போட்டார், தாண்டினார். இரண்டாவது ஆளும் காலைப் போட்டார், தடுமாறித் தாண்டினார். மூன்றாவதாக மாசிங் குறுக்கே வந்து இடித்த இடியில் கனீஜியா பறந்தார். இடித்தவரின் பூட்ஸே கழன்று போய்விட்டது. சிவப்பு அட்டை. ஒன்பது பேர். அப்போதும் வரிசை கலையவில்லை. 1-0 என்று முடிந்தது.

அந்தக் கேமரூன் அணி காலிறுதி வரை போயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து அவ்வளவு தூரம் போன முதல் அணி அதுதான். அங்கே ஜூலை 1-ம் தேதி நேப்பிள்ஸில் இங்கிலாந்தை எதிர்த்து 2-1 என்று முன்னிலையில் இருந்தார்கள். 38 வயது ரோஜர் மில்லா இரண்டாம் பாதியில் உள்ளே வந்து, பெனால்டி ஒன்றை வாங்கிக் கொடுத்து, எகேகேவுக்கு ஒரு கோலுக்கும் பந்து வைத்துக் கொடுத்தார். ஆனால் லினேக்கர் இரண்டு பெனால்டிகளை உள்ளே தள்ள, எக்ஸ்ட்ரா டைமில் 3-2 என்று தோற்றார்கள். அன்று கேமரூன் தற்காத்து நிற்காமல் மூன்றாவது கோலைத் தேடிப் போனது. அது தப்பு என்று அறிவுள்ளவர்கள் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்பது பேரோடு கோட்டையைக் காக்கத் தெரிந்தவர்கள், பதினொரு பேர் இருக்கும்போது ஆடிக் காட்ட விரும்பினார்கள். அந்த அணியின் கோல்கீப்பர் தோமா இன்கோனோவைப் பார்த்துத்தான் இத்தாலியின் புஃபோன் சிறுவயதில் கோல்கீப்பர் ஆக ஆசைப்பட்டார். பிற்காலத்தில் தன் மகனுக்கு அவர் பெயரையே வைத்தார்.

அடுத்து கிரிக்கெட். கிரிக்கெட்டில் எனக்கு ஒன்றே ஒன்றுதான். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம், பாகிஸ்தானுடன் டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கரையில் ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்தவர்கள் அப்படியே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ஜெயிக்க 271 ரன். 82-க்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். முதுகு வலியில் சச்சின் ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றது இப்போதும் கண்முன் நிற்கிறது. 136-ல் சக்லைனைத் தூக்கி அடிக்கப் போய் அக்ரம் கையில் பிடிபட்டார். அப்போது தேவை 17 ரன், கையில் மூன்று விக்கெட். அந்த மூன்றும் நாலே ரன்னில் உதிர்ந்தன. 12 ரன்னில் தோல்வி. அதன் பிறகு பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சேப்பாக்கத்துக் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அன்றைக்குத் தோற்ற பக்கம் மைதானத்தில் மட்டும் இருக்கவில்லை, கேலரியிலும் இருந்தது. அந்தப் பக்கம் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு அந்த ஆட்டம்.

இனி இதற்கு நேர் எதிரானது ஒன்று.

2014 ஜூலை 8. பிரேசிலின் பெலோ ஒரிசோன்சி நகரம். பிரேசிலுக்கும் ஜெர்மனிக்கும் அரையிறுதி. நமக்கு நள்ளிரவு ஒன்றரை. எங்கள் தெருவில் பாதிக்கு மேல் பிரேசில் ரசிகர்கள். காலிறுதியில் கொலம்பியாவோடு ஆடியபோது நெய்மருக்கு முதுகெலும்பில் அடி. அணித்தலைவர் தியாகோ சில்வாவுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, அதனால் தடை. தேசிய கீதத்தின்போது டேவிட் லூயிஸும் ஜூலியோ சேசாரும் நெய்மரின் ஜெர்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்ததும் என் பக்கத்தில் இருந்த வயதான மீனவர் ஒருவர், "செத்த வீட்டுல நிக்கிற மாரி நிக்கானுவளே" என்றார். அந்த மனுஷன் சொன்னது ஆட்டத்தைப் பற்றிய சரியான ஆய்வு என்று எனக்குப் பிறகு புரிந்தது. அவர்கள் ஆட வரவில்லை, யாருக்காகவோ எதையோ நிரூபிக்க வந்திருந்தார்கள்.

11-வது நிமிடத்தில் க்ரூஸ் அடித்த கார்னர். மியுல்லர் ஆளே இல்லாத இடத்தில் நின்று காலால் தட்டிவிட்டார். அவரைக் காவல் காக்க வேண்டிய டேவிட் லூயிஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டார். ஒரு கோல்தானே, எவ்வளவோ நேரம் இருக்கிறது. இந்த இடத்தில்தான் நீ கவனிக்க வேண்டும். ஒரு கோல் விழுந்ததும் பிரேசில் முழுதும் முன்னால் ஏறியது. மார்செலோ இடது பக்கத்தில் ஏறிப் போனார், திரும்ப வரவில்லை. டேவிட் லூயிஸ் தான் சென்டர் பேக், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று காக்க வேண்டியவர் என்பதையே மறந்து பந்தைத் துரத்தினார். நடுவில் ஃபெர்னாந்தினியோவும் லூயிஸ் குஸ்தாவோவும் தனியாக விடப்பட்டார்கள். 23-வது நிமிடம் க்ளோசே. உலகக் கோப்பையில் அவருக்கு 16-வது கோல், ரொனால்டோவின் சாதனையை அவர் தாண்டியது அப்போதுதான். 24, க்ரூஸ். 26, மறுபடி க்ரூஸ். இதில் ஃபெர்னாந்தினியோ காலிலிருந்தே பந்தைப் பிடுங்கி அடித்தார். 29, கெதீரா. ஆறு நிமிடத்தில் நாலு கோல். மூன்றாவதைச் சிலர் இரண்டாவதின் ரீப்ளே என்றே நினைத்தார்கள்.

7-1 என்று முடிந்தது. பிரேசில் சொந்த மண்ணில் போட்டி ஆட்டமொன்றில் அதற்கு முன் தோற்றது 1975-ல். அதுவும் அதே மைதானத்தில், பெரு நாட்டு அணியிடம். கடைசி நிமிடத்தில் ஆஸ்கார் அடித்த ஒரு கோலுக்குக் கை தட்டக்கூட ஆள் இல்லை. விடிந்ததும் கடப்புறத்தில், அதாவது கடற்கரையில், ஏலத்துக்கு வந்தவர்கள் மீன் விலையைப் பற்றிப் பேசாமல் இதையே பேசினார்கள்.

பையன்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும்போது இந்த ஆறு நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கேமரூன் ஒன்பது பேரோடு வரிசையைக் காத்தது. பிரேசில் பதினொரு பேரோடு வரிசையை இழந்தது. திறமை குறைவால் அல்ல. பின்தங்கினால் எல்லோரும் எல்லா இடத்துக்கும் ஓட வேண்டும் என்று நம்பியதால். மழைக்காலத்தில் ஆறு கடலில் சேருகிற பொழிமுகம் வெட்டியதும் கரை சரிகிற மாதிரி ஒரு இடத்தில் விரிசல் விழுந்தது, மிச்சம் தானாக வந்தது.

இப்போது டிவியில் வராத ஒரு ஆட்டம். எங்கள் கரையில் ஊர்த் திருவிழா என்றால் கொடியேற்று, தேர், அப்புறம் பந்தாட்டம். செவன்ஸ் போட்டி, பக்கத்துக்கு ஏழு பேர், இரவில், ஜெனரேட்டர் வெளிச்சத்தில். கோல் போஸ்டில் கட்டுவது பழைய மீன் வலை. கேரளத்திலிருந்து காசு கொடுத்துக் கொண்டுவரும் ஆட்டக்காரர்களும் உண்டு. ஒரு வருஷம் இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊரும் பக்கத்து ஊரும். எங்கள் பக்கம் அப்படி வந்த ரெண்டு பேர், நல்ல வேகம். பக்கத்து ஊர் அணியில் பாதிப்பேர் இன்னும் கடலில். படகு சேரவில்லை. சரியாக ஏழு பேர்தான் வந்தார்கள், மாற்று ஆள் இல்லை. அவர்களுடைய கோல்கீப்பர் அன்று விடியற்காலைதான் கரையேறியவர். தங்கூசி என்கிற நைலான் நரம்பை இழுத்து இழுத்து உள்ளங்கை இரண்டும் கீறிக் கிடந்தன. கையுறை போட்டால் எரிகிறது என்று வெள்ளைத் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு நின்றார்.

முதல் பாதியிலேயே அவர்களில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஆறு பேர். செவன்ஸில் ஒருவர் குறைந்தால் மைதானம் எவ்வளவு அகலமாகும் என்று ஆடியவனுக்குத்தான் தெரியும். அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று. கோலுக்கு முன்னால் மூன்று பேர் ஒரு கயிற்றில் கட்டிய மாதிரி நகர்ந்தார்கள். பந்து வலது பக்கம் போனால் மூவரும் வலது, இடது போனால் மூவரும் இடது. முன்னால் ஒரே ஒரு ஆள், பந்து வெளியே வந்தால் மட்டும் ஓட. எங்கள் வெளியூர் ஆட்டக்காரர்கள் தூரத்திலிருந்து அடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கோல்கீப்பர் பந்தைக் கையால் பிடிக்கவே இல்லை. நெஞ்சைக் காட்டுவார், முழங்காலால் தட்டுவார், வழியில்லாதபோது மணிக்கட்டால் குத்துவார். ஒவ்வொரு குத்துக்கும் முகம் சுருங்குவது சைடு லைனில் நின்ற எனக்குத் தெரிந்தது. துணி சிவந்துகொண்டே வந்தது. நடுவர் ஒரு தடவை ஆட்டத்தை நிறுத்தி, மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவர் தலையை ஆட்டிவிட்டு பந்தைப் போட்டார்.

கோல் இல்லாமல் முடிந்து டை பிரேக்கர். அதில் நாங்கள் ஜெயித்தோம். கோப்பை எங்கள் கிளப் அலமாரியில் இருக்கிறது. கடைசிப் பந்தை உள்ளே அடித்தது எங்கள் ஆள்களில் யார் என்று இன்றைக்குக் கேட்டால் நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள். கையில் துணி சுற்றியவரை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பையன்களே பரிசளிப்பில் அவரைத் தோளில் தூக்கினார்கள். அதைப் பார்த்த பெருமை எனக்கு உண்டு.

உள்ளூரிலிருந்து வெளியே போன ஆட்டம் என்றால் கோயம்புத்தூர், 2019 மார்ச் 9. ஐ-லீக் என்கிற இந்தியக் கால்பந்து லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் கோப்பை. இல்லாவிட்டால் ஒரே புள்ளி பின்னால் நிற்கிற ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடலாம். அவர்கள் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் அணியோடு ஆடினார்கள். ஊரிலிருந்து வேன் பிடித்துப் போயிருந்தோம். தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. நேரு ஸ்டேடியம் சட்டென்று அடங்கியது. இடைவேளையில் எல்லோரும் செல்போனில் கோழிக்கோட்டு ஸ்கோர் பார்த்தார்கள். அன்று நான் ஆசைப்பட்டுப் பார்த்தது பின்தங்கிய அணி பதறுகிறதா என்பதை. பதறவில்லை. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். அந்த சீசன் முழுக்க எப்படிப் பந்தைத் தரையில் வைத்து ஆடினார்களோ அப்படியே ஆடினார்கள். 56-வது நிமிடத்தில் சென்னை சிட்டியின் மான்சி அடித்த பெனால்டி, அந்த சீசனில் அவருக்கு 21-வது கோல். பிறகு கௌரவ் போரா ரெண்டு கோல். 3-1. ஈஸ்ட் பெங்காலும் தங்கள் ஆட்டத்தை ஜெயித்திருந்தது, ஆனாலும் 43-க்கு 42 என்று கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. ஐ-லீக்கை ஜெயித்த முதல் தமிழ்நாட்டு அணி.

அந்த அணியில் முந்தின சீசன் வரை ஆடியவர்தான் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ். அந்த வருஷம் ஜாம்ஷெட்பூருக்குப் போயிருந்தார். அதற்கடுத்த சீசனில் கொல்கத்தாவின் ஏடிகே அணியோடு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையையும் வாங்கினார். அவருடைய ஆட்டம் ஒன்றும் என் பட்டியலில் உண்டு, வேறு யார் பட்டியலிலும் இருக்காது. 2020 நவம்பர் 20, கோவாவில் பாம்போலிம் மைதானம். கொரோனா காலம், கேலரி காலி. சீசனின் முதல் ஆட்டம், ஏடிகே மோகன் பகானுக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும். எங்கள் கரையில் பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் ஏராளம். அன்று மட்டும் எல்லோரும் நம்ம ஆள் பக்கம். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு டிவியிலிருந்தும் கமென்டரி மட்டும் கேட்டது, மனுஷக் குரல் ஒன்றும் இல்லை. அந்த சீசனே அவருக்குப் போயிற்று. ராய் கிருஷ்ணா கோல் அடித்து 1-0 என்று முடிந்தது என்பது எல்லாம் மறுநாள் பேப்பர் பார்த்தபோதுதான் பலருக்குத் தெரியும். அவர் திரும்ப ஆட வந்தார், ஒடிசா அணிக்கும் ஆடினார். கடப்புறத்து மணலில் வெறுங்காலோடு ஓடிய பையனுக்கு முழங்கால் என்றால் என்ன என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் அந்த ராத்திரி அவ்வளவு கனத்தது. இன்று எங்கள் ஊர்களில் கடல் அரித்து மணலே குறைந்துகொண்டு வருகிறது. பையன்கள் ஆட இடம் தேடுகிறார்கள். ஒரு நல்ல மைதானம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம், இனியும் கேட்போம்.

2022 இறுதி ஆட்டத்தைச் சொல்லாமல் விட்டால் நீயே சண்டைக்கு வருவாய். டிசம்பர் 18, லுசைல், அர்ஜென்டினாவுக்கும் பிரான்சுக்கும். கத்தார் உலகக் கோப்பை குளிர்காலத்தில் வந்ததால் எங்களுக்குத் தடைக்காலம் இல்லை. பாதி ஊர் கடலில். கிறிஸ்துமஸுக்குக் கரை சேர வந்துகொண்டிருந்த படகுகளில், கரைக்குப் பக்கம் வந்தவன் ஸ்கோரை வாங்கி ஒயர்லெஸ்ஸில் அடுத்தவனுக்குச் சொல்ல, அவன் அதற்கடுத்தவனுக்குச் சொன்னான். ஊரில் குடில் கட்டுகிற பையன்கள் வைக்கோலைப் போட்டுவிட்டு டிவி முன்னால் ஓடினார்கள். திருவருகைக் காலத்துக் கடைசி ஞாயிறு, எட்டரை மணிக்கு ஆட்டம்.

எல்லோரும் மெஸ்ஸியைப் பற்றிப் பேசுவார்கள், பேசத்தான் வேண்டும். நான் பிரான்சைப் பற்றிப் பேசுகிறேன். மெஸ்ஸியின் பெனால்டி, டி மரியாவின் கோல், 36 நிமிடத்துக்குள் 2-0. அந்த இரண்டாவது கோல் ஒரு பாடம். சொந்தப் பாதியிலிருந்து நாலைந்து தொடுதலில் பந்து மறுமுனைக்குப் போய்விட்டது. பிரான்ஸ் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. பயிற்சியாளர் தேஷாம் இடைவேளைகூட ஆகாத 41-வது நிமிடத்தில் ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே எடுத்தார். உலகக் கோப்பை இறுதியில் இப்படிச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். பிறகு கிரீஸ்மனையும் எடுத்தார். பெயருக்காக யாரையும் வைத்துக்கொள்ளவில்லை, ஓடக்கூடிய இளசுகளை உள்ளே விட்டார். அந்தப் பக்கம் அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி டி மரியாவை வெளியே எடுத்துவிட்டார். அதுவரை பிரான்சின் வலது பக்கத்தைக் கட்டிவைத்தது அவர்தான். இந்த ரெண்டும் சேர்ந்ததில் ஆட்டம் திரும்பியது. 80-வது நிமிடம், கோலோ முவானியை ஒடாமெண்டி இழுத்தார், பெனால்டி, எம்பாப்பே. ஒன்றரை நிமிடம்தான். மெஸ்ஸி காலிலிருந்தே கோமான் பந்தைப் பறித்தார், துராம் தூக்கிக் கொடுத்தார், எம்பாப்பே தரையில் விழ விடாமல் அடித்தார். 2-2.

பிறகு மெஸ்ஸி, பிறகு மறுபடி எம்பாப்பே பெனால்டி. 1966-ல் இங்கிலாந்தின் ஹர்ஸ்டுக்குப் பிறகு இறுதி ஆட்டத்தில் ஒருவரே மூன்று கோல். கடைசி நொடிகளில் கோலோ முவானி தனியாகப் போனார். அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்டினஸ் இடது காலை நீட்டித் தடுத்த அந்த ஒன்று உள்ளே போயிருந்தால் வரலாறே வேறு. பெனால்டி ஷூட் அவுட்டில் 4-2. எக்ஸ்ட்ரா டைமில் பந்தைக் கையால் தடுத்து பிரான்சுக்குப் பெனால்டி கொடுத்த மோன்டியேல்தான் அர்ஜென்டினாவுக்காகக் கடைசிப் பெனால்டியையும் உள்ளே அடித்தார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. மூன்று கோல் அடித்தும் எம்பாப்பே கோப்பையைக் கடந்து நடந்து போனாரே, அதையும் சேர்த்துப் பார்க்காதவன் அந்த ஆட்டத்தைப் பாதிதான் பார்த்தான்.

மரடோனாவின் 1986 இங்கிலாந்து ஆட்டம், பேஜியோ பெனால்டியை வானத்தில் அடித்த 1994 இறுதி இவையெல்லாம் ஏன் இல்லை என்று கேட்பாய். பெரிய ஆட்டங்கள்தான். ஆனால் அவை ஒருவரின் காலைப் பற்றியவை. ஒரு அணி முழுதும் எப்படி நின்றது என்பதை அவை எனக்குச் சொல்லவில்லை.

இனி உன் கடைசிக் கேள்வி, ஒன்றை மட்டும் பார்ப்பதானால் எது? கேமரூன் ஆட்டம்தான். முழு ஆட்டமும் இணையத்தில் கிடைக்கிறது, சுருக்கக் காட்சியைப் பார்க்காதே. 61-வது நிமிடத்திலிருந்து வை. பந்தைப் பார்க்காதே. கேமரூனின் பின்வரிசை நாலு பேரில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு அவரை மட்டும் பத்து நிமிடம் பார். எப்போது முன்னால் அடி எடுத்து வைக்கிறார், எப்போது நிற்கிறார், பக்கத்து ஆளுக்கும் அவருக்கும் இடைவெளி எவ்வளவு என்று கவனி. அப்புறம் அதே மாதிரி பிரேசிலின் அந்த ஆறு நிமிடத்தில் டேவிட் லூயிஸை மட்டும் பார். ரெண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நான் வாயால் சொல்லி முடியாதது உனக்கே தெரியும். லீவுக்கு ஊருக்கு வரும்போது சொல். சின்னப் பையன்களுக்குக் கிளப்பில் இதைப் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன். ஒரு பக்கம் நீ நின்று விளக்கு, இன்னொரு பக்கம் நான் நிற்கிறேன்.